‘என்சைம் குறைந்தால் மார்பகப் புற்றுநோய்’ என்ற செய்தி தவறு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: “உடம்பில் என்சைம் குறைந்தால் மார்பகப் புற்றுநோய் வரும். பப்பாளி, அன்னாசி ஊறிய என்சைம் தண்ணீர் குடித்தால் கட்டி கரையும்.” இது உண்மையில்லை.

நடப்பது நேர்மாறானது. ‘வளர், பிரிந்து பெருகு’ என்று செல்லுக்குள் கட்டளை கடத்துபவை கைனேஸ் என்னும் நொதிகள். நொதி என்பதுதான் என்சைம், உடம்பின் வேதிவேலைகளை முடுக்கிவிடும் புரதம். பல மார்பகப் புற்றுகளில் இவை குறைவதில்லை, அடங்காமல் வேலை செய்கின்றன. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஹெர்2 அப்படி ஒன்று. சுமார் 15 முதல் 20 விழுக்காடு மார்பகப் புற்றுகளில் அது அளவுமீறி இருக்கிறது. புற்றுச் செல்களில் ஹெர்2வின் மரபணு பல படிகளாகப் பெருகியவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புவதை அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் டெனிஸ் ஸ்லாமனின் குழு 1987இல் காட்டியது. அந்த ஹெர்2வை அடக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செல் பெருகத் தூண்டும் பிஐ3கே, சிடிகே4, சிடிகே6 என்ற வேறு கைனேஸ் நொதிகளைத் தடுக்கும் மாத்திரைகளும் பின்னர் வந்தன. எல்லாமே நொதியை அடக்கும் மருந்துகள். ஒன்றுகூட நொதியைக் கூட்டுவதில்லை.

பழத்தில் உள்ள நொதி வெறும் புரதம். பருப்பும் மீனும் போலவே பெரும்பாலும் செரித்துவிடும், மார்பகக் கட்டியைக் கரைக்காது. பப்பாளி நல்ல பழம்தான், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

என் பயமெல்லாம், அந்தத் தண்ணீரை நம்பிக் கழியும் மாதங்களைப் பற்றித்தான். அக்கா, அம்மா, கட்டி கையில் தட்டுப்பட்டால் உடனே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. புற்றுநோய்தான் என்றால், எடுத்த திசுவில் ஹெர்2 சோதனையும் செய்வார்கள். எந்த மருந்து பொருந்தும் என்பதை அதையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.