பசலைக்கீரை ஈடாகாது

ஹவாயை விட்டு அமெரிக்கப் பெருநிலத்தில் குடியேறியவர்கள் வீட்டுச் சமையலுக்கு ஏங்குவதை விவரிக்கும் உங்கள் கட்டுரையைப் படித்தேன். இறைச்சியை இலையில் பொதிந்து வேகவைக்கும் லாவ்லா என்ற ஹவாய் உணவுக்குச் சேம்பு இலை கிடைக்காவிட்டால் பசலைக்கீரை போதும் என்ற யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஹோனலூலுவில் நான் வசித்தபோது அண்டை வீட்டு மூதாட்டி, உப்பிட்ட பன்றி இறைச்சியையும் கொழுப்பு மிக்க மீன் துண்டொன்றையும் சேம்பு இலைகளில் பொதிந்து, அதன்மேல் டி (ti) என்ற செடியின் இலையைச் சுற்றிக் கட்டி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார். சேம்பு இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருப்பதால் அரைவேக்காட்டில் தின்றால் தொண்டை அரிக்கும். நெடுநேரம் வெந்தபின் அதே இலை கொழுப்பை உறிஞ்சி வெண்ணெய் போலக் குழைந்துவிடும். பசலையோ அந்த வேக்காட்டைத் தாங்காமல் கரைந்து நீர்விட்டுவிடும்.

போயி என்ற ஹவாய்க் கூழுக்கும் இதுபோல ஈடு கிடையாது. நம் சேப்பங்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கிழங்கை அவித்து, கல்லால் இடித்து, நீர் சேர்த்துப் பிசையும் அந்தக் கூழ் இரண்டொரு நாளில் புளிக்கத் தொடங்கும்; எவ்வளவு புளித்தால் சுவை என்பதில் வீட்டுக்கு வீடு விருப்பம் மாறும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹவாய்ப் பூர்வகுடியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் தீவுகளுக்கு வெளியே வாழ்கின்றனர். அவர்கள் திரளாகக் குடியேறிய லாஸ் வேகஸை, ஹவாயின் எட்டு முக்கியத் தீவுகளுக்கு அடுத்ததாக, ‘ஒன்பதாவது தீவு’ என்றே அழைக்கிறார்கள். சேம்பு இலை பிலிப்பினோ மளிகைக் கடைகளில் உறையவைத்த நிலையில் பெரும்பாலும் கிடைக்கும் என்பதால், பசலைக்குப் பதில் அந்த வழியைக் கட்டுரையில் சேர்க்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.