கொப்பிக்கு முதல் காது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் முன்பள்ளி தேடுகிற அம்மாமார் இப்போது முதலில் கேட்பது, "ரீச்சர், பொனிக்ஸ் படிப்பிக்கிறீங்களோ?" என்றுதான். கேட்பதில் பிழையில்லை. ஆனால் பொனிக்ஸ் என்றதும் ஆங்கில எழுத்துப் பாட்டு என்று நினைத்துவிடுகிறோம். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று பிள்ளைக்குப் பிடிபட வைப்பதுதான் அது. அதைப் பிள்ளை வீட்டில் கதைக்கிற தமிழில் தொடங்க வேணும், பென்சிலைக் கொடுக்க முதல் காதில் தொடங்க வேணும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றரை, நான்கு வயதுக்குக் கைதட்டு விளையாட்டே காணும். எங்கட ஊர்ப் பெயர்களை எடுங்கோ. பரந்தன்: ப-ரந்-தன், மூன்று தட்டு. கிளிநொச்சிக்கு நான்கு. இரணைமடுவுக்கு ஐந்து. இதில் ரீச்சர்மார் வழக்கமாக விடுகிற பிழை, எழுத்தை எண்ணித் தட்டுவது. 'பட்டம்' எழுதினால் நான்கு எழுத்து. சொன்னால் பட்-டம், இரண்டு தட்டுத்தான். எழுத்துத் தெரியாத பிள்ளை இதைச் சரியாகத் தட்டும். நாங்கள் நான்கு தரம் தட்டி அதைக் குழப்பிவிடுகிறோம்.

அடுத்தது முதல் ஒலி. ஒரு சுளகில் கரண்டி, கண்ணாடி, கச்சான், மணி, மஞ்சள், மட்டை என்று ஆறு சாமான் வையுங்கோ. 'க' என்று தொடங்குவது ஒரு பக்கம், 'ம' மற்றப் பக்கம். ஐந்தாறு பிள்ளைகள், பத்து நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் கவனம் போய்விடும். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே கொட்டிலில் இருக்கிற முன்பள்ளியில், சின்னதுகள் தட்டட்டும், பெரியதுகள் பிரிக்கட்டும்.

சாமான் தெரிவில்தான் கூடுதலாகப் பிழைக்கிறது. தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கும். 'கல்'லில் இருக்கிற க வேறு, 'சங்கு'வில் வேறு, 'மக'னில் வேறு. ஆகவே தொடக்கத்தில் சொல்லின் முதலில் வருகிற க மட்டும் போதும். கடையில் வாங்குகிற படத்தாளில் ப-வுக்கு பஸ் படம் இருந்தால் அதை மறைத்துவிடுங்கோ. 'பல்'லும் 'பஸ்'ஸும் பிள்ளையின் காதுக்கு ஒன்றில்லை. ட-வில் தமிழ்ச் சொல் தொடங்காது. அதற்கு ஆடு, மாடு, கூடை, வடை என்று நடுவில் வருகிறதை எடுக்கலாம்.

எழுத்துக்கு வரும்போது அ-வில் தொடங்கத் தேவையில்லை. அ சுழித்து எழுத வேண்டியது, அந்த விரலுக்கு அது கஷ்டம். ட, ப இரண்டும் நேர்கோடு. அதோடு ம சேர்ந்தால் படம், மடம், பட்டம் வாசிக்கலாம். கிழமைக்கு இரண்டு எழுத்து தாராளம். ம் என்பதை 'இம்' என்று சொல்லிக் கொடுக்காதேங்கோ. ப, ட, இம் என்று சொல்லப் பழகின பிள்ளை 'படஇம்' என்றுதான் வாசிக்கும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று இழுத்துக் காட்டுங்கோ. இழுக்கக்கூடிய ஒலிகளில் முடிகிற பால், மான், கல் எல்லாம் சேர்த்து வாசிக்கச் சுகமான சொற்கள்.

ா, ி வரைக்கும் முன்பள்ளியில் போகலாம். கெ, கே, கொ பிறகு பார்ப்போம். கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கும், அதன் ஒலி க்-க்குப் பின்னால் வரும். பிள்ளை இடமிருந்து வலமாகப் பார்த்துத் தடுமாறுவது இயல்பு. கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அதுகளைத் தரம் ஒன்றுக்கு விடுங்கோ. ழ, ள திருத்திக்கொண்டு நிற்கவும் வேண்டாம். வீட்டில் பெரியவர்களே வாளைப்பளம் என்றுதானே சொல்கிறோம்!

விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது பச்சையரிசியில் விரலால் எழுதுகிறது மிக நல்ல முறை. கவலை என்னவென்றால், அடுத்த நாளே கொப்பியும் பென்சிலும் வந்துவிடுகிறது. அந்த அரிசியை மணலாக மாற்றி, ஒரு தட்டில் கொட்டி, மாதக்கணக்கில் அதிலேயே விரலால் எழுதவிடுங்கோ. மண் உருட்டட்டும், புளியங்கொட்டையை ட வடிவில் அடுக்கட்டும் (மூன்று வயதுக்காரர் வாயில் போடாமல் பக்கத்தில் ஆள் இருக்க வேணும்). விரல் உறுதிப்பட முதல் பென்சிலை அழுத்திப் பிடித்துப் பழகினால், பிறகு அந்தப் பிடியை மாற்றப் படாத பாடு பட வேணும்.

ஆங்கிலம் தனிப் பாடமாக வருவது தரம் மூன்றில்தான். முதல் இரண்டு வருடமும் பேச்சுத்தான். ஆகவே அவசரம் ஒன்றுமில்லை. சொல்லிக் கொடுப்பதென்றால் எழுத்தின் பெயரை விட்டு ஒலியைக் கொடுங்கோ: 'எஸ்' அல்ல, 'ஸ்ஸ்ஸ்'. முடிவில் உகரம் ஒட்டக்கூடாது. 'ப்பு-இ-ன்னு' என்று சொன்னால் 'பின்' (pin) என்ற சொல் வரவே வராது. 'பின்'னின் முதல் ஒலிக்கும் (p) பஸ்ஸின் முதல் ஒலிக்கும் (b) வித்தியாசம் காட்ட, உதட்டுக்கு முன்னால் மெல்லிய கடதாசித் துண்டைப் பிடியுங்கோ. முதலாவதுக்குக் கடதாசி துள்ளும், மற்றதுக்கு அவ்வளவு அசையாது.

இன்னொன்று. பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடத் திரும்பாத பிள்ளை, அடிக்கடி காதில் சீழ் வடிகிற பிள்ளை, நாலரை வயதாகியும் எந்த விளையாட்டிலும் ஒலி பிரிக்காத பிள்ளை இருந்தால், 'மந்தம்' என்று மூலையில் இருத்தாதேங்கோ. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, தரம் ஒன்றுக்குப் போக முதலே ஆஸ்பத்திரியில் காதைக் காட்டுங்கோ.