ஒன்றேகால் நானோ நொடிக்கு மூன்று வாரம்

"அதே 3200தான் சார், போட்டா ஓடும்" என்று, கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் வாங்கப் போன என்னிடம் அதன் வேக எண்ணைக் காட்டி, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருக் கடை ஒன்றில் சொல்லப்பட்ட ஐந்து சொற்களை நம்பியதற்கு, மூன்று வாரத் தூக்கத்தையும் இரண்டு திருமண வீட்டாரின் நல்லெண்ணத்தையும் விலையாகக் கொடுத்திருக்கிறேன். வயிறு எரிகிறது.

வீட்டில் இருந்தபடியே திருமண வீடியோக்களை எடிட் செய்து பிழைப்பவன் நான். ரைசன் 5 3600 பிராசசர் பொருத்திய என் கணினி, இரண்டு 8 ஜிபி ரேமுடன் நான்கு ஆண்டுகள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உழைத்தது. இப்போது எல்லோரும் 4கே தரத்தில் படம்பிடித்துக் கொடுப்பதால், மேலும் இரண்டு 8 ஜிபி வாங்கி, காலியாக இருந்த இரு ஸ்லாட்டுகளில் 'டக்' என்று கிளிப் விழும்வரை அழுத்திப் பொருத்தினேன். திரையில் 32 ஜிபி என்று காட்டியதும் முட்டாளைப் போல மகிழ்ந்தேன். அன்றிரவே, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்க, நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு மாறும் இடத்தில், எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, விண்டோஸ் முடங்கினால் வரும் நீலத் திரை வந்து நின்றது. முதல் நாள் 'மெமரி மேனேஜ்மெண்ட்' என்றது. மறுநாள் 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்றது. மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் தானே அணைந்து தானே எழுந்தது. நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால் 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு வரி இருந்தது. கணினி முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதே அதன் பொருள். அது எனக்குத் தெரியாதா?

கடைக்குத் தொலைபேசியில் பேசினால், "விண்டோஸை ஃபார்மட் பண்ணிப் போடுங்க சார், சரியாயிடும்" என்றார்கள். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே தைலத்தைத் தடவுவதைப் போல, நம் ஊரில் கணினிக்கு வரும் எல்லா நோய்க்கும் ஃபார்மட் ஒன்றே மருந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்குத் தின்னக் கொடுத்தேன்; மென்பொருள்களை நிறுவி முடிப்பதற்குள் மீண்டும் நீலத் திரை. அடுத்து வீட்டுக்கு வந்த சர்வீஸ்காரர், சட்டைப்பையிலிருந்து பென்சில் அழிப்பானை எடுத்து, உறையைப் பிரித்து இரண்டு வாரம்கூட ஆகாத ரேமின் தங்கப் பற்களைத் தேய்த்துவிட்டு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். நாள்பட்டு அழுக்கேறிய பற்களுக்கு அது பயன்படும் என்பதை மறுக்கவில்லை; புத்தம்புதிதாக மின்னும் பொருளைத் தேய்ப்பானேன்? போகிற போக்கில், "எஸ்எம்பிஎஸ் வீக்கா இருக்கும் சார்" என்று அவர் சொல்லிவைக்க, கணினிக்கு மின்சாரம் வழங்கும் அந்தப் பெட்டியையும் மாற்றினேன். பணம் போனது, நீலத் திரை போகவில்லை.

இத்தனை பேரில் ஒருவர்கூட ரேமின் மேல் ஒட்டியிருக்கும் சிறு தாளைப் படிக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம். பழையதில் 16-18-18-38 என்றும் புதியதில் 18-22-22-42 என்றும் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கேட்ட தரவு வெளியே வருவதற்கு ரேம் எத்தனை கடிகாரத் துடிப்புகள் எடுத்துக்கொள்ளும் என்பதே அந்த முதல் எண். 3200 வேகத்தில் 16 துடிப்பு என்பது 10 நானோ நொடி; 18 துடிப்பு என்பது 11.25 நானோ நொடி. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ரேமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி வசதி இயக்கத்தில் இருந்ததால், என் மதர்போர்டு பழைய ரேமின் கணக்கையே நான்குக்கும் விதித்துவிட்டது. ஒன்றேகால் நானோ நொடி கூடுதலாகக் கேட்ட புதிய ரேமுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

இதை நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஏற்றி, பழைய இரண்டை மட்டும் வைத்து ஓர் இரவு ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. புதிய இரண்டை மட்டும் வைத்து மறு இரவு ஓட்டினேன், அதுவும் சுத்தம். நான்கையும் சேர்த்து ஓட்டியபோது நாற்பது நிமிடத்துக்குள் திரையின் அடியில் சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. தனித்தனியே எந்த ரேமும் கெட்டதில்லை என்பதால் வாரண்டியும் கிடையாதாம்! இரண்டாகச் சேர்த்து விற்கும்போது அந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பதற்கு மட்டுமே தயாரிப்பாளர் பொறுப்பு. வேறொரு ஜோடியோடு சேர்ப்பது நம் தலைவிதி.

அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் அந்த 3200 பற்றியும் சொல்லியாக வேண்டும். என் ரேம் இயல்பாக விழித்தெழும் வேகம் 2666 மட்டுமே, 1.2 வோல்ட்டை 1.35 ஆக உயர்த்தி எக்ஸ்எம்பி வழியாக விரட்டினால்தான் 3200 வரும். என் பிராசசருக்கோ, இரண்டு ரேம் போட்டால் 3200, ஒற்றை ரேங்க், அதாவது ஒரே சில்லுத் தொகுதி உள்ள ரேம் நான்கு போட்டால் 2933, இரு தொகுதி உள்ள இரட்டை ரேங்க் நான்கு என்றால் 2667 என்று தயாரித்த நிறுவனமே வரம்பு சொல்லியிருக்கிறது. ரேம் விற்பதையே தொழிலாகக் கொண்டவர், "ஏற்கெனவே எத்தனை போட்டிருக்கீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு இந்த அலைச்சல் இல்லை. கேட்கவில்லை, கேட்டிருந்தால் நான் வாங்காமல் திரும்பியிருப்பேனோ என்னவோ.

எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டு, வேகத்தை 2933 என்றும் கணக்கை 18-22-22-42 என்றும் பயாஸில் என் கையாலேயே பதிந்தேன். மாலையில் தொடங்கிய சோதனை நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தபோது விடிந்திருந்தது. அதன்பின் ஒன்பது நாளாக நீலத் திரை வரவில்லை.

ஆனால் அந்த மூன்று வாரத்தில் கேமரா கார்டிலிருந்து வட்டுக்கு நான் பிரதி எடுத்த கோப்புகள் எல்லாம் இந்த ரேமின் வழியாகத்தான் போயிருக்கின்றன. பிழை நேரும்போதெல்லாம் கணினி நின்றுவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு பிட் மாறினாலும் அது அப்படியே வட்டில் எழுதப்பட்டுவிடும், யாருக்கும் தெரியாது. நேற்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்ததில், ஒரு வரவேற்புக் காட்சியில், மணப்பெண்ணுக்குப் பாட்டி திருநீறு பூசும் இடத்தில், பாட்டியின் முகத்துக்குக் குறுக்கே பச்சைக் கட்டங்கள் ஓடுகின்றன. அந்தக் கார்டை அடுத்த நிகழ்ச்சிக்காக அழித்துப் பதினெட்டு நாளாகிறது. அந்த வீட்டாருக்கு இன்னும் சொல்லவில்லை.