கேட்டுட்டு எடுங்க

சென்னையில் எங்கள் கண்ணகி நகரின் ஓவியச் சுவர்களை யாரோ எடுத்துப் போட்ட அந்த வீடியோவை, மூன்று நாளாக எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "உங்க ஏரியா எங்கேயோ போயிடுச்சு", "பெருமையா இருக்கு தோழி" என்றெல்லாம் எழுதி. அனுப்பிய யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, தெரியும். அதனால்தான் கோபம் கொஞ்சம் அடங்கட்டும் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அடங்கவில்லை.

அதில் நீலச் சுவருக்கு முன்னால், நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறார் இல்லையா? மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் புல்லாங்குழல் வைத்து, கீழே ‘வறுமைக்கு நடுவே வண்ணம்’ என்று எழுதியிருக்கிறார்களே, அவர் என் சித்தி.

அவரை யாரும் கேட்கவில்லை. அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்ததும் துண்டை இழுத்து விட்டுக்கொள்கிறார். அந்த நொடியும் வீடியோவில் அப்படியே இருக்கிறது. பார்த்த லட்சம் பேரில் ஒருவருக்குமா அது உறுத்தவில்லை?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கண்ணகி நகருக்கு வாருங்கள். ஓவியங்களைப் பாருங்கள், படம் எடுங்கள். அங்கே இருக்கும் ஆளைப் படம் எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளிடம் கேளுங்கள். ‘அக்கா, எடுத்துக்கட்டுமா?’ என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அந்த வீடியோவில் ‘சென்னையின் பெர்லின்’ என்று ஒரு வரி வருகிறது. பெர்லினில் ஈஸ்ட் சைட் கேலரி என்று சொல்கிறார்களே, அது ஊரை இரண்டாகப் பிரித்த மதிலில் மிச்சம் நிற்கும் ஒரு துண்டு. 1.3 கிலோமீட்டர் நீளம். 1990-ல் பல நாட்டு ஓவியர்கள் நூறு பேருக்கு மேல் வந்து வரைந்தார்கள். அந்த மதில் யாருடைய வீட்டுச் சுவரும் இல்லை. எங்கள் சுவருக்குப் பின்னால் சோறு வடிக்கிறார்கள். நைட் டியூட்டி முடித்து வந்தவர் தூங்குகிறார். பத்தாவது பரீட்சைக்குப் பிள்ளை படிக்கிறது. ஓவியத்துக்கு நடுவில் இருக்கும் ஜன்னல் வெறும் ஜன்னல் இல்லை, அங்கிருந்து ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இடம் எப்படி வந்தது என்று வீடியோவில் ஒரு வார்த்தை கிடையாது. 2000-வாக்கில் தொடங்கி, நகரத்துக்குள் ஆற்றோரமும் கால்வாயோரமும் கடலோரமும் இருந்த குடிசைகளை எடுத்துவிட்டு, பழைய மகாபலிபுரம் சாலையோரம் கொண்டுவந்து எங்களைக் குடிவைத்தார்கள். சுனாமியில் வீடு போனவர்களும் பின்னால் வந்தார்கள். நாங்கள் மயிலாப்பூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருந்தவர்கள். எனக்கு அப்போது ஏழு வயது. லாரியில் பீரோவுக்கும் பாய்ச் சுருட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது ஞாபகம் இருக்கிறது. அம்மா வீட்டு வேலை பார்த்த நாலு வீடும் மயிலாப்பூரிலேயே இருந்தது. விடியற்காலை பஸ் பிடித்து ஓடினார். ஒரு வருஷத்தில் நாலு வீடு ஒரு வீடாகிவிட்டது. சித்திதான் எங்களுக்குப் பொங்கிப் போட்டு ஸ்கூலுக்கு அனுப்பினார். இருநூறு சதுர அடிகூட இல்லாத வீட்டில் ஏழு பேர்.

முதல் வேலைக்கு இன்டர்வியூ போனபோது முகவரியில் ‘கண்ணகி நகர்’ என்று உண்மையை எழுதினேன். பேப்பரைப் புரட்டியவர் அதைப் பார்த்துவிட்டு, "அங்கயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வேலை கிடைக்கவில்லை. அடுத்த இன்டர்வியூவுக்கு ‘துரைப்பாக்கம்’ என்று மாற்றி எழுதினேன், கிடைத்தது. எங்கள் பிளாக்கில் இப்படி எழுதாத பிள்ளையே கிடையாது. பத்து வருஷம் அந்தப் பெயரை ஒளித்து வைத்தேன். இப்போது அந்தப் பெயரையே ஹேஷ்டேக் போட்டு, சித்தியின் முகத்தை ஊருக்குக் காட்டியிருக்கிறார்கள்.

‘ஓவியம் வரைந்தது பிடிக்கவில்லையா?’ என்று கேட்கப் போகிறீர்கள். பிடித்தது. 2020-ல் ஸ்டார்ட் இந்தியா என்ற தெரு ஓவிய அமைப்பும் ஏசியன் பெயின்ட்ஸும் சேர்ந்து ஓவியர்களைக் கூட்டி வந்தபோது, தினமும் வேலை முடிந்து வந்து நின்று பார்த்திருக்கிறேன். சாரத்தில் தொங்கிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு ஒரு கண் மட்டும் வரைந்துகொண்டிருந்தார்கள். பசங்களெல்லாம் கீழே நின்று ‘இது யாரு, இது யாரு’ என்று கேட்டார்கள். வரைந்தவர்கள் பதில் சொன்னார்கள், பேசினார்கள், எங்கள் கடையில் டீ குடித்தார்கள். மாதக்கணக்கில் இங்கேயே கிடந்தவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாற்பது நிமிஷம் வந்துவிட்டுப் போகிறவர்கள்மேல்தான்.

இன்னொரு கேள்வியும் வரும். நீயும் மலேசியாவில் பினாங்கு போய்ப் படம் போட்டாயே என்று. போட்டேன். 2019-ல் ஆபீஸ் தோழிகளோடு போனது, என் முதல் வெளிநாட்டுப் பயணம். அங்கே ஜார்ஜ் டவுன் நகரத்தில், ஆர்மேனியன் தெருவில் ஒரு சுவர் ஓவியம். லித்துவேனியாவிலிருந்து வந்த ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் 2012-ல் அங்கே நடந்த விழாவுக்காக வரைந்தது. அக்காவும் தம்பியும் சைக்கிள் ஓட்டுவார்கள், முகமும் உடம்பும் சுவரில் ஓவியம், சைக்கிள் மட்டும் நிஜ சைக்கிள். அதோடு சேர்ந்து நின்று எடுக்க வரிசை. நாங்களும் வெயிலில் அரை மணி நேரம் நின்றோம். பிறகு வேறொரு சந்தில் இன்னொரு சுவர். அங்கே நாங்கள் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கதவு பாதி திறந்தபடி இருந்தது. உள்ளே ஒரு சீனப் பாட்டி கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் எடுத்து முடிப்பதற்காக, தன் வீட்டு வாசலைத் தாண்டாமல் காத்திருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் விலகியதும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கதவையும் அந்தப் பையையும் நான் இன்றுவரை மறக்கவில்லை. ஆமாம், நானும் செய்தேன். செய்து பார்த்து வெட்கப்பட்டவள் என்பதால்தான் சொல்கிறேன்.

ஊருக்குத் திரும்பி வந்து ஜார்ஜ் டவுனைப் பற்றிப் படித்தேன். 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால், 2000-ல், அங்கே பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்து, தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் இருந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் நகரத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். அதே 2000. இங்கே நாங்கள் லாரி ஏறிய நேரம். ஆள் போன தெருக்கள் சில வருஷத்தில் ஓவியத் தெருக்களாகி, நாங்கள் ஐந்து பேர் தொப்பி போட்டுக்கொண்டு போய் நிற்கிறோம்.

கொலம்பியாவில் மெதஜின் நகரத்தில் கொமுனா 13 என்றொரு மலைச்சரிவுக் குடியிருப்பு. 2002 அக்டோபரில் ராணுவமும் போலீஸும் உள்ளே புகுந்து தாக்கியது. காணாமல் போனவர்களைத் தேடி அம்மாக்கள் இருபது வருஷத்துக்கு மேலாக அலைந்தார்கள். 2011-ல் அங்கே திறந்தவெளி மின்படிக்கட்டு வந்தது, சுவரெல்லாம் ஓவியமானது, இன்றைக்கு உலகமே போகிறது. ஆனால் அங்கே பல பயணிகளைக் கூட்டிப்போவது அந்த ஏரியாப் பசங்கள். கதையை அவர்களே சொல்கிறார்கள். தேடிய அம்மாக்கள் சொன்னது உண்மை என்று 2025 ஜனவரியில் அந்த நகரத்துச் சுவரில் எழுதினார்கள். நகர நிர்வாகம் பெயின்ட் அடித்து அழித்தது, ஜனங்கள் திரும்ப எழுதினார்கள். சுவர் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பிள்ளைகளை யாராவது அப்படிக் கூப்பிட்டுக் கேட்டீர்களா? ‘தம்பி, சுத்திக் காட்டுறியா, இருநூறு ரூபா தரேன்’ என்று?

‘பொது இடம், சட்டப்படி எடுக்கலாம்’ என்று கமெண்டில் ஒருவர் எழுதியிருக்கிறார். சட்டம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அதே ஆள் பெசன்ட் நகரில் ஒரு வீட்டு கேட் முன்னால் நின்று, கோலம் போடும் அம்மாவை இப்படி மெதுவாக ஓடவிட்டு ‘வசதிக்கு நடுவே வண்ணம்’ என்று போடுவாரா? வாட்ச்மேன் விடமாட்டார். எங்களுக்கு வாட்ச்மேன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

‘நல்லது நினைத்துத்தானே போட்டார், அந்த இடத்துக்கு நல்ல பெயர் வரட்டும் என்று’ என்பது இன்னொருவர். நல்ல பெயரா? 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடி விளையாடித் தங்கம் கொண்டு வந்தாளே கார்த்திகா, ஊரே அவளைக் கண்ணகி நகர் கார்த்திகா என்று கூப்பிட்டதே, அதுதான் நல்ல பெயர். அன்று டிவி முன்னால் சித்தி அழுதார். பக்கத்து வீட்டு அக்கா கேசரி கிண்டிப் படிக்கட்டில் நின்று எல்லாருக்கும் கொடுத்தார். அன்றைக்கு எங்கள் யார் முகத்தையும் யாரும் திருடவில்லை. கேட்டு எடுத்தார்கள், தலை சீவிக்கொண்டு வந்து நின்றோம்.

சித்திக்கும் படம் பிடிக்கும், தெரியுமா? சொல்லியிருந்தால் அந்த மெரூன் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருப்பார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றிருப்பார். என்ன பேர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், உள்ளே கூப்பிட்டுத் தண்ணீரும் கொடுத்திருப்பார். பத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் வீட்டுப் பாத்திரம் தேய்த்து இரண்டு பிள்ளைகளை டிகிரி படிக்க வைத்தவருக்கு, ‘வறுமை’ என்று பெயர் வைக்க அந்த வீடியோ போட்டவர் யார்? வீடியோவில் அந்த வார்த்தையைச் சித்திக்கு நான்தான் படித்துக் காட்டினேன். படித்திருக்கக் கூடாது. "நம்மளயாமா சொல்றாங்க?" என்று கேட்டார்.

வீடியோ போட்டவருக்குத் தனியாக மூன்று முறை எழுதினேன். நேற்று மதியம் ‘சாரி சிஸ், பார்க்கிறேன்’ என்று பதில் வந்தது. இதை எழுதும்வரை வீடியோ அங்கேயேதான் இருக்கிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன், தயவுசெய்து அதைப் பகிராதீர்கள். பகிர்ந்தவர்கள் நீக்கிவிடுங்கள். எங்கள் ஏரியாவுக்கு வரும்போது எனக்குச் சொல்லுங்கள், நானே கூட வந்து ஒவ்வொரு சுவராகக் காட்டுகிறேன்.

இன்று காலை தண்ணீர் வந்தது. சித்தி பம்புக்கு வரவில்லை. காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தம்பியைக் குடத்தோடு அனுப்பியிருந்தார், பின்பக்கச் சந்து வழியாக.