படுகு பேசினால் பேச்சு வராதாம்!

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்தது குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை அடித்துக்கொண்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

நாலு வயசுப் பையனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. அவன் அம்மாவை அத்தனை பேர் முன்னால் எழுப்பி நிறுத்தி, "வீட்ல உங்க படுகு பாஷை பேசுறத நிறுத்துங்க, அதனாலதான் இப்படி" என்கிறார் டீச்சர். சரிங்க டீச்சர். நீலகிரியில், கோத்தகிரியைச் சுற்றி, படுகர்கள் நாம் வீட்டில் படுகும் கடைவீதியில் தமிழுமாகத் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறோமே, நாங்கள் எல்லாம் ஊமைகளா?

முதலில் காதைப் பாருங்கள். அந்த அம்மாவிடம் யாராவது இதைச் சொன்னீர்களா?

என் மகனுக்கும் மூன்று வயசு வரை பேச்சு தெளியவில்லை. "ஆம்பளப் புள்ள, லேட்டாதான் பேசும்" என்றார்கள். வசம்பு உரைத்து நாக்கில் தடவினோம். கழுதைப் பால்கூட வாங்கினோம், சிரிக்காதீர்கள். டிவியை ஒட்டி உட்காருவான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திமிர் என்று நினைத்து ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். அது இன்னும் போகவில்லை.

கடைசியில் கோயம்புத்தூரில் காது பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் முகத்தைவிடப் பெரிய ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் கட்டையை டப்பாவில் போட வேண்டும். சோதனை செய்யும் பெண் பட்டனை அழுத்துவது எனக்குத் தெரிகிறது. அவன் கட்டையைக் கன்னத்தில் வைத்தபடி காத்துக்கொண்டிருக்கிறான். மறுபடி அழுத்துகிறார். அவன் காத்துக்கொண்டே இருக்கிறான்.

செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தால் நீர் வடியாமல் தங்கிவிடும். குஞ்சப்பனை மலைப்பாதை ஏறும்போது நமக்குக் காது அடைக்குமே, என் பிள்ளைக்கு அது மாதக்கணக்கில். பல குழந்தைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும் என்று மூன்று மாதம் பார்த்தார்கள். இவனுக்கு வடியவில்லை. செவிப்பறையில் பொடிக்குழாய் வைத்தார்கள். திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு பஸ் ஹாரன், இவன் காதைப் பொத்திக்கொண்டு ஒரே அழுகை. பஸ்ஸில் எல்லோரும் முறைத்தார்கள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அந்த டீச்சரும் இல்லை.

"டீச்சர் நல்லதுக்குத்தானே சொன்னாங்க?" நல்லதுக்குச் சொல்பவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்.

"எல்லாம் போன் பண்ணுற வேலை." இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பிள்ளையோடு ஆள் பேச வேண்டும், போன் பேசினால் போதாது. ஆனால் போனைப் பிடுங்கினால் காது கேட்டுவிடுமா?

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தள்ளிப்போகாது. ஒன்றோடொன்று கலந்து பேசுவான், அவ்வளவுதான். படுகில் இருபது வார்த்தை, தமிழில் இருபது வார்த்தை என்றால் அவனுக்கு நாற்பது. நீங்கள் தமிழை மட்டும் எண்ணிவிட்டு இருபதுதான் என்கிறீர்கள். இரண்டு வயசில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும், "பால் குடு" மாதிரி. அது எந்த மொழியிலும் இருக்கலாம். வரவில்லை என்றால் முதலில் காது. பிறந்தபோது சோதித்துச் சரி என்றார்களா? அதற்குப் பிறகும் கெடலாம். நிஜமாகவே காது கேட்காத குழந்தை என்றால் ஒவ்வொரு மாதமும் கணக்கு. முதல்வர் காப்பீட்டில் காக்ளியர் கருவி (காது நரம்புக்கு நேராகச் சத்தத்தைக் கொண்டுபோவது) வைப்பது ஆறு வயசுக்குள்தான். அந்தப் பையனுக்கு நாலு முடிகிறது. நீங்கள் மொழியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருங்கள்.

அந்த வீட்டில் அவனிடம் நாள் முழுக்கப் பேசுவது ஒரே ஒரு ஆள், அவன் ஹெத்தெ, பாட்டி. அந்தக் கிழவிக்குத் தெரிந்தது படுகு மட்டும். அவர் வாயையும் அடைத்துவிட்டால் பையனிடம் யார் பேசுவது, டீச்சர் வருவாரா? நம் பாஷையில் பாடித்தானே நம்மைத் தூங்க வைத்தார்கள்? நேற்று அந்த அம்மா கடையில் அவனிடம் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கச்சி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கோயம்புத்தூர் போகிற நாளைச் சொல், நானும் வருகிறேன். பஸ்ஸில் பையனோடு படுகிலேயே பேசிக்கொண்டு போகலாம்.