விசில் கையில் வருவதற்கு முன்னால்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் செவன்ஸ் என்றால், அணிக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்துதான். அறுப்பு முடிந்த வயலில் கேலரி கட்டி, ராத்திரி லைட் போட்டு ஆடுவார்கள். அதனால் 2025 ஜூனில் சென்னை புல்ஸ் அணி ரக்பி செவன்ஸில் கோப்பை ஜெயித்தது என்று நான் சொன்னபோது டீக்கடையில் இருந்தவர்கள் அதையும் கால்பந்து என்றே நினைத்தார்கள். முட்டை மாதிரிப் பந்து, கையால் முன்னால் வீசக் கூடாது, பக்கத்திலோ பின்னாலோ வருகிறவனுக்குத்தான் தர வேண்டும் என்று விளக்கினேன். "அப்ப கோலு எப்படிங்க?" என்றார் ஒரு பெரியவர். பந்தோடு ஓடி எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் 5 புள்ளி என்றேன். "அட, அது நம்ம கபடியாட்டமில்ல இருக்குது!"

சரியாகத்தான் சொன்னார். ஓடி வருகிறவனை மடக்கிக் கீழே போடுகிற வித்தை இரண்டுக்கும் பொது. அதனால்தான் கபடி ஆடிய நான் ரக்பி பார்க்க ஆரம்பித்தேன். அதிலும் ஒருவரை விடாமல் பின்தொடர்ந்தேன். அயர்லாந்துக்காரர் ரோனன் ஓ'காரா.

பத்தாம் எண் சட்டை. பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் ஆட்டத்தை நடத்துகிற இடம் அது. அயர்லாந்துக்காக 128 ஆட்டங்கள், 1083 புள்ளிகள். பெரும்பாலும் காலால் அடித்தவை. 2009 மார்ச்சில் கார்டிஃப் மைதானத்தில் வேல்ஸ் அணிக்கு எதிராக, ஆட்டம் முடிய சில நிமிடம் இருக்கும்போது பந்தைத் தரையில் தட்டி எழும்போது அவர் அடித்த டிராப் கோலில்தான் அயர்லாந்து 61 வருடம் காத்திருந்த கிராண்ட் ஸ்லாம், அதாவது ஆறு நாடுகள் தொடரில் எல்லா ஆட்டத்தையும் ஜெயிப்பது, கிடைத்தது. இதை எல்லோரும் சொல்வார்கள். நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது மற்ற இரண்டை. 2000ல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். அவருடைய மன்ஸ்டர் அணி நார்தாம்ப்டனிடம் 8-9 என்று ஒரே புள்ளியில் தோற்றது. கடைசி நேரத்தில் அவர் அடித்த பெனால்டி கம்பத்துக்கு வெளியே போனது. அப்புறம் 2009லேயே, அந்த கிராண்ட் ஸ்லாம் முடிந்து மூன்று மாதத்தில், பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடும் லயன்ஸ் அணிக்காக, தென்னாப்பிரிக்காவில் அந்த நாட்டு அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். கடைசி நிமிடத்தில் பந்தைப் பிடிக்க எம்பியவரை அந்தரத்தில் இடித்துவிட்டார். பெனால்டி. அதை மோர்னே ஸ்டெய்ன் உள்ளே அடித்தார், லயன்ஸ் 25-28 என்று தோற்று தொடரையே இழந்தது.

2013ல் ஆட்டத்தை விட்டார். இந்தப் பதிவை எழுத வைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

அவ்வளவு பெரிய பெயர் இருந்தும் ஊரிலேயே ஒரு தலைமைப் பயிற்சியாளர் பதவிக்காக அவர் உட்கார்ந்திருக்கவில்லை. பாரிஸில் ரேசிங் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் போனார். பிரெஞ்சு கற்றுக்கொண்டார். நான்கு வருடத்துக்கு மேல் அங்கே. நாற்பது வயதில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போய், குரூசேடர்ஸ் அணியில் ஸ்காட் ராபர்ட்சனுக்குக் கீழே மறுபடியும் உதவியாளர். அங்கே இருந்த 2018, 2019 இரண்டு வருடமும் அந்த அணிக்குக் கோப்பை. அதற்குப் பிறகுதான் பிரான்சின் லா ரோஷெல் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். கணக்குப் போட்டால் ஆறு வருடம் இன்னொருவர் பக்கத்தில் நின்று வேலை கற்றிருக்கிறார்.

லா ரோஷெலில் அவர் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? பந்தைச் சாகவிடாதே. மடக்கப்பட்டுக் கீழே விழுகிற நொடியிலும் பக்கத்தில் வருகிறவன் கைக்குப் பந்தைத் தள்ளிவிடு. காலால் அடித்துப் பெயர் வாங்கிய மனிதர், கையில் பந்தை உயிரோடு வைத்திருக்கும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். தான் ஆடிய ஆட்டத்தை அப்படியே பையன்கள் தலையில் ஏற்றவில்லை.

2021ல் லா ரோஷெல் இரண்டு இறுதி ஆட்டங்களில் தோற்றது, இரண்டும் துலூஸ் அணியிடம். 2022ல் மார்செய் நகரில் டப்ளின் அணியான லென்ஸ்டரை 24-21 என்று ஜெயித்து ஐரோப்பிய சாம்பியன். 2023ல் மறுபடியும் லென்ஸ்டர், இந்த முறை டப்ளினில், எதிரியின் சொந்த மண்ணில். முதல் பன்னிரண்டு நிமிடத்தில் 0-17 என்று பின்தங்கியிருந்த அணி 27-26 என்று ஜெயித்தது.

இதையெல்லாம் இந்த எல்லை ஊரில் உட்கார்ந்து நான் எழுதக் காரணம் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர்.

கபடியில் அவர் இடது கார்னர், பிடிக்கிற வரிசையின் ஓரத்து ஆள். நான் அதே பக்கம் கவர், கொஞ்சம் உள்ளே. அவர் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். யுனிவர்சிட்டி அணிக்கு ஆடியவர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் டோர்னமென்ட் வைத்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. இப்போது இளநீர் லோடு ஏற்றுகிறார். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தென்னந்தோப்பில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு முப்பது பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறார். ஒரு பைசா வாங்குவதில்லை.

போன வாரம் நான் அங்கே நின்றிருந்தேன். பாலக்காட்டுக் காற்று தென்னை மட்டையைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் இடுப்பைப் பிடிக்கப் போய்த் தலையை முன்பக்கம் கொண்டுபோய்விட்டான். அண்ணன் விசில் ஊதவில்லை, கத்தவில்லை. அந்தக் கெட்டுப்போன முழங்காலை மெதுவாக மடக்கி மண்ணில் உட்கார்ந்து, பையனுடைய தலையை இரண்டு கையாலும் பிடித்து, தன் முதுகுப் பக்கமாக நகர்த்தி வைத்தார். "கண்ணு, தலை எப்பவும் அவன் பின்பக்கம். முன்னால வெச்சீன்னா அவன் முட்டி உன்ர பல்லைப் பேத்துரும்." பக்கத்தில் நின்ற மலையாளப் பையனைப் பார்த்து, "மோனே, தல பொறகில்" என்றார். இரண்டு பேரையும் பத்துத் தடவை செய்ய வைத்தார், வேகமே இல்லாமல், நடந்து வந்து. ரக்பியிலும் டேக்கிள் சொல்லித்தரும்போது முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். தலையை எங்கே வைப்பது என்பது. அண்ணனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை, அவரே யோசித்துக் கண்டுபிடித்தது.

இவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கோச் வேலை கேட்டுப் போனார். சர்டிபிகேட் இருக்கா என்றார்கள். அரசு வேலைக்கு முயற்சி செய்தால், படித்ததும் ஆடியதும் தமிழ்நாட்டில், ரேஷன் கார்டு கேரளாவில். இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைக் காட்டியது, அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைக் காட்டியது. மூன்று வருடம் அலைந்துவிட்டு விட்டுவிட்டார்.

சர்டிபிகேட் கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. நன்றாக ஆடினவன் எல்லாம் நன்றாகச் சொல்லித் தருவான் என்பதை நான் நம்பவில்லை. மெடலைப் பார்த்து விசிலைக் கொடுத்து, அந்த ஆள் தன் பழைய கதையையே பேசிப் பிள்ளைகளை வீணடித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். பயிற்சி என்பது தனித் தொழில், அதைக் கற்கத்தான் வேண்டும். பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961லிருந்து இருக்கிறது, அங்கே டிப்ளமோ இருக்கிறது, ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது. ஆனால் லோடு ஏற்றினால்தான் அன்றைக்குச் சோறு என்கிற ஆள் ஆறு வாரம் பஞ்சாபில் போய் எப்படி உட்காருவார்? அவர் ஆடிக்கொண்டிருந்தபோது, இருபத்திரண்டு வயதில், கையில் கொஞ்சம் காசும் காலில் தெம்பும் இருந்தபோது, இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று ஒருவராவது சொன்னார்களா? எனக்கும் யாரும் சொல்லவில்லை. டோர்னமென்ட் நடத்தியவர்கள் கொடுத்தது கோப்பை, ஒரு துண்டு, போக்குவரத்துச் செலவு.

ஓ'காராவுக்குக் கிடைத்ததில் நான் பொறாமைப்படுவது சம்பளத்தை இல்லை. ஆறு வருடம் கூலியோடு கற்றுக்கொள்ள ஒரு இடம் இருந்ததே, அதை. நம் கபடியிலும் இந்தப் பாதை கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடி ஆடினார், பாட்னா அணிக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கினார், அப்புறம் தமிழ் தலைவாஸ் பயிற்சிக் குழுவுக்கு வந்தார். கூட ஆடிய சின்னப் பையன்களுக்கு அவர் எப்போதும் அண்ணன்தான். ஆனால் அது டிவியில் வருகிற உயரம். மாவட்ட அளவில் ஆடி முழங்கால் போனவனுக்கு அந்த ஏணியில் முதல் படியே இல்லை.

ஒவ்வொரு மாவட்டப் பயிற்சியாளருக்கும் கீழே இரண்டு பழைய ஆட்டக்காரர்களை உதவியாளராக, மாதச் சம்பளத்தோடு வையுங்கள். கேரள அரசுக்கும் சொல்கிறேன், தமிழ்நாடு அரசுக்கும் சொல்கிறேன். எல்லை ஊர்ப் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஆடியிருந்தாலும் அந்தச் சான்றிதழை மறுபக்கமும் ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லையில் வேலந்தாவளத்தில் தினமும் எத்தனையோ லாரி தாண்டுகிறது, ஒரு கபடி சர்டிபிகேட் தாண்டக் கூடாதா?

அன்றைக்குப் பயிற்சி முடிந்ததும் அண்ணனிடம் என் போனில் அந்த 2023 டப்ளின் ஆட்டத்தைக் காட்டினேன். ரக்பி விதி அவருக்குத் தெரியாது. லோடு லாரியின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார். 0-17 வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கி நிறுத்தினார். ஜெயிக்கிறார்கள் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"தம்பி, இந்த இடத்துல அந்த மனுசன் பசங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பியிருப்பாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. திருப்பி ஓட்டி, கோட்டுக்கு வெளியே நிற்கிற ஆளின் முகம் எங்காவது வருகிறதா என்று இரண்டு பேரும் தேடிக்கொண்டிருந்தோம்.