கிளிமஞ்சாரோ பிறந்தநாள் பரிசா?

‘கென்யாவிலிருந்த கிளிமஞ்சாரோ மலையை விக்டோரியா மகாராணி தம் பேரனான ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார், கென்யா-தான்சானியா எல்லைக்கோடு வளைந்திருப்பது அதனால்தான்’ என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் செய்தி உண்மையன்று. கென்யா, தான்சானியா என்ற நாடுகளே உருவாகாத 1886ஆம் ஆண்டில் பிரிட்டனும் ஜெர்மனியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, உம்பா ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை வகுக்கப்பட்ட கோடு, மலையின் வடக்கு அடிவாரத்தைச் சுற்றிச் சென்றது. மலை, பின்னாளில் தான்சானியாவான ஜெர்மன் பக்கமும், மொம்பாசா துறைமுகம், பின்னாளில் கென்யாவான பிரிட்டன் பக்கமும் நின்றன. பேரன் அரியணை ஏறியதோ 1888இல்தான்! யானைக்கூட்டத்துக்குப் பின்னே பனிமுடி தெரியும் புகழ்பெற்ற படங்கள் பெரும்பாலும் கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவில் எடுக்கப்படுவதும் குழப்பத்துக்குக் காரணமாகலாம். சாகா (Chagga) என்னும் இன மக்கள் வாழைத்தோட்டம் வளர்க்கும் தெற்குச் சரிவும், 5,895 மீட்டர் உயரமுள்ள உகுரு உச்சியும் தான்சானியாவில் இருக்கின்றன.